சி.ஐ.டி. அக்காவும் நானூற்றுப் பதினெட்டும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ரிப்போர்ட் டைப் அடிக்கிற அக்காவுக்கு சி.ஐ.டி. அக்கா என்று பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு குடை. பெரிய டாக்டரின் குடை ஒரு மழைநாளில் காணாமல் போயிற்று. ஆளாளுக்கு மேசைக்கு அடியில் குனிந்து தேடினோம். அக்கா மட்டும் தன் இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "ஸ்லைடுக்காரர் வீட்டுல இருக்கு. பாவம், அவருக்கே தெரியாது" என்றாள். ஸ்லைடுக்காரரின் குடை ஓட்டைக்குடை. மழை பெய்தால் இடது தோள் நனைந்துதான் வருவார். அன்றைக்கு இரண்டு தோளும் காய்ந்திருந்ததாம். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அங்கே இருந்தது டாக்டரின் குடைதான்.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அப்போதே அது பிடிக்கவில்லை. எதையும் கண்டுபிடித்துவிடுகிற ஒருத்திக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து காலம் தள்ளுவது எவ்வளவு சிரமம் என்று என்னைக் கேட்டால் தெரியும். என் வீட்டில் சண்டை நடந்த மறுநாள் காலையில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "யாரு முதல்ல பேசறதுன்னு இன்னும் முடிவாகலையா?" என்பாள். என் முகம் ஒரு நோட்டீஸ் போர்டு என்று என் வீட்டுக்காரரே சொல்வார். அவள் அதைத் தினமும் வாசித்தாள்.

நான் ரிஜிஸ்டர் எழுதுகிறவள். என் பெயரே ரிஜிஸ்டர் என்றுதான் அங்கே பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் வருவது மனித உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சின்னச் சின்னத் துண்டுகள். மருந்துத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் வரும். வந்த வரிசையில் ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு நம்பர் போடுவேன். அதற்குப் பிறகு அது வெறும் நம்பர்தான். ஸ்லைடுக்காரர் அதை மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பார். பெரிய டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சீட்டில் கிறுக்குவார். அக்கா அதை டைப் அடிப்பாள். டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகு நம்பருக்குரிய பெயரை நான் ஒட்டி உறையில் போடுவேன். நடுவில் யாருக்கும் அது யாருடையது என்று தெரியாது.

இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. இப்போதிருக்கும் ஸ்லைடுக்காரருக்கு முன்னால் இருந்தவர் தன் மனைவியின் துண்டைத் தன் கையாலேயே சீவினார். சீவும்போதே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கை நடுங்கி அன்றைய மெழுகுக் கட்டைகள் அத்தனையும் பாழ். அன்றிலிருந்து, வேலை செய்கிறவர்களின் வீட்டு மனிதர்களுடைய பாட்டில் வந்தால், வரிசையை விட்டுவிட்டு, முன்பே ரத்தான ஏதாவது ஒரு பழைய நம்பரில் நுழைத்துவிடுவேன். எந்த நம்பர் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பெரிய டாக்டரே கேட்டாலும் சொல்லக் கூடாது.

இனி அக்காவின் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷத்தில், "போதும்" என்று ஒரே ஒரு சொல்லோடு திரும்பி வந்துவிட்டாள். நான்கு வயது இளைய தங்கை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "அப்புறம் எப்பப் புத்தகம் படிக்கிறது?" என்பாள். தங்கைக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்க்கிற வேலை. இருவருமாக இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருபது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டு மிகவும் சந்தோஷமாக இருந்தார்கள்.

சண்டைக்கு விஷயம் இரண்டே இரண்டுதான். ஒன்று, ஜன்னலோர நாற்காலி. முதலில் வீட்டுக்கு வருகிறவருக்கே அது. மற்றொன்று, பாத்திரம். ஒருநாள் அக்கா, ஒருநாள் தங்கை. யார் முறை என்று காலண்டரில் பேனாவால் குறிப்பார்கள். காய்ச்சல் என்றாலும் விட்டுக்கொடுப்பது கிடையாது, மாற்றிக்கொள்வதுதான். "இன்னிக்கு உனக்காகக் கழுவறேன், நாளைக்கும் நாளான்னிக்கும் நீ" என்று வட்டியோடு வசூலிப்பார்கள்.

சமாதானம் ஆவது துப்பறியும் நாவலில். அதிலும் கண்ட கண்ட போலீஸ்காரர் வருகிற கதை ஆகாது. பிரபு வர வேண்டும். பழைய மொழிபெயர்ப்பு நாவல் வரிசை ஒன்று, அட்டை எல்லாம் பிய்ந்து போனது. அந்தப் பிரபுவுக்கு வேலை என்று ஒன்று கிடையாது. காலையில் எழுந்து இரண்டு கையுறைகளையும் ஒரே நிறத்தில் கண்டுபிடிப்பதே அவருக்குப் பெரிய உழைப்பு. சொந்தமாக ஷூ கயிறு கட்டத் தெரியாது. அத்தை ஒருத்தி கடிதம் போட்டுக் கடிதம் போட்டுத் திட்டுவாள். ஆனால் யாராவது செத்துக் கிடந்தால் மட்டும் மனிதர் விழித்துக்கொள்வார். கொலைகாரனிடம்கூட, "சிரமத்துக்கு மன்னிக்கணும், ஒரே ஒரு கேள்வி" என்றுதான் ஆரம்பிப்பார். அக்காவுக்கு அந்த மரியாதைதான் பிடித்தது. "திருடனைக் கூட உக்கார வெச்சுத்தான் பேசுவாருடி!" என்று என்னிடம் உருகுவாள். எனக்குக் கதைப் புத்தகம் ஆகாது. ஆனாலும் மதியச் சாப்பாட்டின்போது அவள் அதைச் சொல்லுகிற அழகுக்காக நாங்கள் எல்லோரும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து உட்கார்ந்திருப்போம்.

சகோதரிகள் இருவருக்கும் ஒரே புத்தகம்தான். காலையில் தங்கை, சாயங்காலம் அக்கா. இரண்டு அடையாளச் சீட்டுகள். முந்திப் போனவர் மூச்சு விடக் கூடாது. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, கொலைகாரர் யார் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி, மடித்து, காலி பிஸ்கட் டின்னில் போடுவார்கள். பிறகு டின்னைத் திறந்து, கடைசி அத்தியாயத்தைச் சேர்ந்து படிப்பார்கள். தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும்.

இப்படி இருந்தபோதுதான் தங்கையின் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

அவளே கண்டுபிடித்தாள். அக்காவிடம் சொல்ல நாலு நாள் ஆயிற்று. டாக்டர் துண்டு எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். நகரத்தில் எங்கே எடுத்தாலும் எங்கள் கூடத்துக்குத்தான் வரும். முதல் நாள் சாயங்காலம் தங்கை அக்காவைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அக்கா, இதுல மட்டும் நீ துப்பறியக் கூடாது. ரிப்போர்ட் வர்றப்ப வரட்டும். நாம இப்ப பத்தொன்பதாம் அத்தியாயத்துல இருக்கோம். கடைசி அத்தியாயத்தை ரிப்போர்ட் வந்த அன்னிக்குச் சேர்ந்து படிப்போம். சரியா?"

"சரி."

"என் தலை மேல சத்தியம்?"

"உன் தலைய எதுக்கு இழுக்கறே இப்ப? சரின்னா சரிதான்."

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தங்கையின் பாட்டில் வந்தது. வாங்கி வைத்தவள் நான். அக்கா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றாள். என் கவுண்டர் பக்கம் திரும்பவே இல்லை. பரவாயில்லையே, வாக்கைக் காப்பாற்றுகிறாளே என்று நினைத்தேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு உறைக்கவில்லை.

போன வாரப் பக்கத்தில் முந்நூற்று எழுபத்தொன்று ரத்தாகி இருந்தது. அதில் தங்கையை எழுதினேன். ரிஜிஸ்டரை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சாவியைக் கைப்பையில் போட்டேன். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஏதோ நான்தான் கொலை செய்தவள் மாதிரி.

வழக்கமாகக் காலையில் சீட்டுத் தட்டை நானே அக்காவின் மேசைக்கு எடுத்துப்போவேன். அவள் டம்ளரில் பாதி டீயை நான் குடிப்பேன். பத்து நிமிஷம் ஊர் வம்பு. அந்த வாரம் தட்டைப் பெருக்குகிற அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். என் முகத்தை அவள் பார்த்தால் அவ்வளவுதான். எனக்கே ஒன்றும் தெரியாது என்பது வேறு விஷயம். நம்பர்தான் எனக்குத் தெரியும், முடிவு தெரியாது. ஆனால் வியாழக்கிழமை பெரிய டாக்டர் கதவைத் திறந்து, "முந்நூற்று எழுபத்தொண்ணை இன்னொரு தடவை சீவிக் குடுங்க" என்று ஸ்லைடுக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சும்மா கேட்கிற ஆளில்லை அவர். அன்றைக்கு நான் கழிவறைக்குப் போகிற வழியில்கூட அக்காவின் மேசையைச் சுற்றிக்கொண்டு போனேன்.

அக்கா அந்த வாரமும் மதியம் கதை சொன்னாள். பனியில் அடைபட்ட ஒரு மாளிகை. விருந்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர், தினமும் ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் பால் கொண்டுவருகிற நர்ஸ் ஒருத்தி. வீட்டுக்காரரான கிழட்டு நீதிபதி, செடிகள் வளர்க்கிற கண்ணாடி வீட்டுக்குள் செத்துக் கிடக்கிறார். வெளியே போக வழியில்லை. கொலை செய்தவர் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பிரபு ஒருவரையும் விசாரிக்கவில்லை. சும்மா மாளிகையைச் சுற்றி வருகிறார். "யார் பொய் சொல்றாங்கன்னு நான் பாக்கறதில்லை. பொய் எல்லாரும் சொல்லுவாங்க. யார் வழக்கத்தை மாத்தினாங்கன்னு பாப்பேன்" என்கிறார். தினமும் பியானோ வாசிக்கிற பெண் அதைத் தொடுவதில்லை. இரண்டு முட்டை சாப்பிடும் மருமகன் ஒன்றோடு எழுந்துவிடுகிறார். தோட்டக்காரன் திடீரென்று கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறான். "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று அக்கா ஸ்பூனை ஆட்டி ஆட்டிச் சொல்லும்போது நான் என் டப்பாவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நானூற்றுப் பதினெட்டின் சீட்டு டைப்புக்குப் போயிற்று.

கண்ணாடித் தடுப்பு வழியாக நான் பார்த்தேன். அவள் சீட்டைப் படித்தாள். டைப் அடித்தாள். டாக்டர் விட்டுவிட்ட ஒரு முற்றுப்புள்ளியை வைத்தாள். அச்செடுத்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றித் துடைத்தாள். பிறகு எழுந்து என் கவுண்டருக்கு வந்தாள்.

"திங்கக்கிழமை பதினோரு மணிக்குள்ள நானூத்திப் பதினேழு வரைக்கும் எழுதிட்டே. இல்லியா?"

"அக்கா, என்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

"நான் கேக்கலை. எனக்கே தெரியும். பதினோரு மணிக்கு முன்னால சீவற அறைக்குப் போன நம்பர் தாள்ல எண்ணிப் பாத்தேன்." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீ அஞ்சு நாளா என் டீயைக் குடிக்க வரலை."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாட்டில் வந்த நேரத்தை வைத்து நம்பர் நானூற்றுப் பதினெட்டு என்று கணக்குப் போட்டிருக்கிறாள். சீட்டில் இடது மார்பு என்றும் இருந்திருக்கிறது. வரிசையை விட்டு எழுதுவேன் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அந்த ரகசியம் எனக்கும் பெரிய டாக்டருக்கும் நடுவில் இருந்தது. நானூற்றுப் பதினெட்டு தங்கைக்குப் பிறகு ஐந்து நிமிஷம் கழித்து வந்த வேறு ஒரு பெண்மணியின் பாட்டில். அவருடைய சீட்டில் இருந்தது கெட்ட செய்தி. மிகவும் கெட்ட செய்தி.

"இல்லை அக்கா, அது இல்லை" என்று நாலு சொல் சொன்னால் போதும். என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது இல்லை என்றால் எது என்று கேட்பாள். என் முகத்தைப் பார்த்தே மிச்சத்தை எடுத்துவிடுவாள். மறுபடி சீவச் சொன்ன முந்நூற்று எழுபத்தொன்று பெரிய டாக்டரின் மேசையில் முடிவில்லாமல் கிடக்கிறது. இன்றைக்கு இல்லை என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்துவிட்டு, திங்கட்கிழமை அதுவும் இதே மாதிரி வந்தால்? அவளை இரண்டு தடவை கொல்லுவதா? நான் வாயைத் திறக்கவில்லை. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை அரைநாள். அக்கா வந்தாள், ஒரு பிழை இல்லாமல் டைப் அடித்தாள். இடைவேளையில் ஸ்லைடுக்காரர் ஆவலாக, "அப்புறம்? யாருக்கா கொன்னது?" என்றார். "யாரா இருந்தா என்ன?" என்றாள் அக்கா. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆறு பேரும் அப்படியே நிறுத்திவிட்டோம். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நாங்கள் கேட்டதே இல்லை.

மனசு கேட்காமல் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பிடித்தேன். "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். நீ ரூலை மீறாதே. வாக்குக் குடுத்துட்டு நான் மீறினதே போதும்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. அவளே தடுத்துவிட்டாள், இனி என் தலையில் பழி இல்லை என்று பஸ் ஏறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அவர்கள் வீட்டில் அந்த மூன்று நாள் நடந்ததை இரண்டு பேரும் பிற்பாடு தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். அக்கா தன்னால் முடிந்தவரை சிரித்த முகமாக இருந்தாள். வெள்ளிக்கிழமை பாத்திரம் தங்கையின் முறை. "நீ உக்காருடி" என்று அக்காவே கழுவினாள். சனிக்கிழமையும் அவளே. ஞாயிற்றுக்கிழமை மறுபடி தங்கையின் முறை, அதையும் அவளே. ஜன்னலோர நாற்காலி பக்கம் போகவே இல்லை. ரொட்டியின் பெரிய பாதியைத் தங்கையின் தட்டில் வைத்தாள். மதியம் தங்கை அலமாரியைத் திறந்து துணிகளை எல்லாம் எடுத்து வகை பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். ஒன்றும் தெரியாமல் அலமாரியைச் சுத்தம் செய்கிறாளே பாவி என்று நினைத்துக்கொண்டாளாம்.

சாயங்காலம் தங்கை புத்தகத்தை மூடினாள். "இருபத்திமூணு முடிஞ்சுது. சீட்டு எழுதலாமா?"

எழுதினார்கள். அக்கா பென்சிலைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். யார் பெயரும் தோன்றவில்லை. காகிதத்தை வெறுமனே மடித்து டின்னில் போட்டாள். தங்கையின் சீட்டு முன்பே உள்ளே இருந்தது.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு முந்நூற்று எழுபத்தொன்று கையெழுத்தாகி என் மேசைக்கு வந்தது. எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. இரண்டாம் தடவை படித்தேன். சாதாரணக் கட்டி, பயப்பட ஏதுமில்லை, உறுதிசெய்துகொள்ள மறுபடி சீவிப் பார்க்கப்பட்டது. தங்கையின் பெயரை ஒட்டினேன். ரூலாவது மண்ணாவது. எழுந்து ஓடி அக்காவின் விசைப்பலகை மேல் அதைப் போட்டேன்.

அவள் பெயரைப் பார்த்தாள். நம்பரைப் பார்த்தாள். "இதைக் காலைல நான்தானே அடிச்சேன்" என்றாள். பிறகு நாற்காலியிலிருந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், என்னைக் கட்டிக்கொண்டாள், "படுபாவி, படுபாவி" என்று என் முதுகில் அடித்தாள். தங்கைக்குப் போன் செய்து, "சாதாரணக் கட்டிடி! ஒண்ணுமே இல்லைடி!" என்று கூடமே அதிரக் கத்தினாள். "சரிக்கா. நல்லது. சாயங்காலம் ரிஜிஸ்டரையும் கூட்டிட்டு வா" என்று தங்கை சொன்னாள். விருந்து வைக்கப்போகிறாள் என்று நினைத்தோம்.

அன்று பன்னிரண்டரை மணிக்கு நானூற்றுப் பதினெட்டு வந்தார். நாற்பது வயது இருக்கும். வேலையிலிருந்து நடுவில் வந்திருப்பார் போல, கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டு உறையை வாங்கிக்கொண்டு, "இங்க கொஞ்சம் உக்காரலாமா?" என்று கேட்டார். அக்கா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பெண்மணி அவளை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு இன்னிக்கு நல்ல சேதி போலிருக்கு. முகத்துல தெரியுது" என்று சிரித்தார். அக்கா கழிவறைக்குப் போய் அரை மணி நேரம் வரவில்லை. மூன்று நாளாக இது வேறு யாருடையதாவது இருக்கக் கூடாதா என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அந்த வேறு யாரோ அவள் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். விருந்து ஒன்றும் இல்லை. "காகிதத்தைக் காட்டு" என்றாள். லென்ஸில் கீறல் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதை டைப் பண்ணினது யாரு?"

"நான்தான். வேற யாரு?"

"கையெழுத்து?"

"பெரிய டாக்டர் போட்டது."

"நீ எதை நீட்டினாலும் படிக்காமலே போட்டுடுவாருன்னு நீதானே சிரிப்பே?"

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். அறையில் இருந்த இறுக்கத்தைப் போக்குவதற்காக அக்கா, "சரி சரி, முதல்ல டின்னைத் திறப்போம்" என்று பிஸ்கட் டின்னை இழுத்தாள். தங்கை சட்டென்று கையை நீட்டி, "இரு, நான் வேற எழுதிப் போடறேன்" என்றாள். அதற்குள் அக்கா சீட்டைப் பிரித்துவிட்டாள். சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் சீட்டை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிப் பார்த்தேன்.

"அக்கா, உனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு எனக்குத் தெரியும். மூணு நாளா என் பாத்திரத்தை நீ கழுவறே. பயப்படாதே. கொலை பண்ணினது யாருன்னு நீயே படிச்சு எனக்குச் சொல்லு."

இரண்டாவது சீட்டைத் தங்கை பிரித்தாள். வெறும் காகிதம். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா?" என்று என்னிடம் சொன்னாள். "கொலைகாரன் பேரைக்கூட எழுதாம வெச்சிருக்கா. இவ அடிச்ச காகிதத்தை நான் எப்படி நம்பறது? எனக்காக இவ எதை வேணும்னாலும் அடிப்பா. அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன். உண்மையைச் சொல்லிடுங்க."

நான் சொன்னேன். பதினொரு மணி, ஐந்து நிமிஷம் தள்ளி வந்த இன்னொரு பாட்டில், ரத்தான நம்பர், மறுபடி சீவச் சொன்னது, பஸ் நிறுத்தம், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நானூற்றுப் பதினெட்டு தங்கையுடையது இல்லை என்று வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும் என்றபோது இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். தங்கை தலையை ஆட்டினாள். "சரி" என்றாள். போனில் சொன்ன அதே "சரி"தான். நம்ப வேண்டும் என்று அவளுக்கு ஆசைதான். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் கூட்டாளிகள் ஆயிற்றே.

அக்கா புத்தகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் படிக்க ஆரம்பித்தாள். போகப் போக, சனியன், எனக்கே ஆவல் பிடித்துக்கொண்டது. பிரபு எல்லோரையும் கண்ணாடி வீட்டுக்குள் உட்கார வைக்கிறார். தான் இத்தனை நாள் முட்டாளாக இருந்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார். "பியானோவைத் தொடாதவரும், முட்டையைத் தள்ளியவரும், கதவைத் தாழிட்டவரும் பயந்தவர்கள். பயந்தவர்கள் மாறத்தான் செய்வார்கள். இந்த வீட்டில் ஒருவர் மட்டும் எதையும் மாற்றவில்லை. அவருக்குப் பயப்பட வேண்டிய அவசியம் இருக்கவில்லை, ஏனென்றால் அவருக்குத்தான் எல்லாம் முன்பே தெரியும்" என்று சொல்லி, தினமும் ஒன்பது மணிக்குப் பால் கொண்டுவருகிற நர்ஸின் பக்கம் திரும்பி, மரியாதையாகத் தலை வணங்குகிறார்.

அக்கா புத்தகத்தை மூடினாள். என்னைப் பார்த்தாள். "நீ பயந்துதான் என் டீயைக் குடிக்க வரலை" என்றாள். "நான் பாதிப் புத்தகத்தைப் படிச்சுட்டு உன்னை விசாரிச்சிருக்கேன்."

"உங்களைப் பாத்துப் பயப்படாம என்ன பண்றது?" என்றேன்.

தங்கை ரிப்போர்ட்டை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். சமையலறைத் தொட்டியில் எங்கள் டீ டம்ளர்களும் காலையிலிருந்து கிடந்த தட்டுகளும் இருந்தன. அக்கா காலண்டர் பக்கம் போய், பேனாவை எடுத்து, ஏதோ கணக்குப் போட்டாள். திரும்பி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏய், வெள்ளியும் ஞாயிறும் உன் முறை. ரெண்டு நாளும் நான் கழுவியிருக்கேன். வட்டியோட நாலு நாள். எந்திரி. அந்த நாற்காலியையும் விடு, நான்தான் முதல்ல வந்தேன்."

முதலில் வந்தது தங்கைதான். எனக்கே தெரியும். தங்கை அவளை அண்ணாந்து பார்த்தாள். வாய் கோணியது. அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். ரிப்போர்ட்டை அவள் அப்போதுதான் நம்பினாள்.